காசி டூரில் சர்க்கரை மாத்திரை எத்தனை மணிக்கு?

கயாவில் விஷ்ணுபாதம் கோயிலுக்கு வெளியே, எங்கள் டூர் குழுவில் வந்த சர்க்கரை நோயாளி ஒருவரை ஒரு படிக்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள். ஜனவரிக் குளிர். நாங்களெல்லாம் ஸ்வெட்டரோடு நிற்கிறோம், அவருடைய சட்டை மட்டும் தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை நடுங்குகிறது. பேர் கேட்டால் மனைவியைப் பார்க்கிறார்.

"காலையில அஞ்சு மணிக்கே மாத்திரை போட்டுக்கிட்டாரு டாக்டர். சடங்கு முடியற வரைக்கும் சாப்பிடக் கூடாதுன்னாங்க" என்றார் அந்த அம்மா. அப்போது மணி பதினொன்றரை. விரலில் குத்திப் பார்த்தேன், ரத்தச் சர்க்கரை 46. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை என்கிறோம்.

மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு நானும் அந்தக் குழுவில் போயிருந்தேன். பையில் குளுக்கோஸ் பொடி இருந்தது. மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். அவரால் விழுங்க முடிந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்து 82. அதோடு விட்டுவிடவும் முடியாது. அவர் போட்டிருந்தது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, அதன் வேலை நாள் முழுக்க நீளும். அதனால் உடனே சாப்பிட வைத்து, சாயங்காலம் வரை திரும்பத் திரும்பப் பார்த்தோம். சடங்கை நடத்திவைத்த வாத்தியாரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, "மருந்துக்காகச் சாப்பிடறதுல தோஷமே இல்லை, முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். இந்த ஒரு வார்த்தையை முந்தின நாளே கேட்டிருக்கலாம்.

டூர் போய்வந்து என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் 'வடக்கத்திச் சாப்பாடு ஒத்துக்கலை' என்றுதான் சொல்வார்கள். துருவிக் கேட்டால், பாதிப் பேருக்குச் சாப்பாட்டை விட நேரம்தான் படுத்தியிருக்கும். விடியற்காலை நாலு மணிக்குக் கங்கைக் குளியல், எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் பத்துக்குக் கிளம்பும், மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. மாத்திரை மட்டும் வீட்டு நேரப்படி உள்ளே போய்விடும். அதனால்தான் கேட்கிறேன், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே டூர்க்காரர் கொடுத்த பயணத் திட்டத் தாளை உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த நாளில் எந்த மாத்திரையைத் தள்ளிப் போடலாம், எதைக் குறைக்கலாம் என்று அதைப் பார்த்தே எழுதித் தர முடியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையிலேயே வையுங்கள். வெயிலில் நிற்கும் பஸ்ஸுக்குள் விட்டுவிட்டுத் தாஜ்மஹாலைச் சுற்றி வந்தால் மருந்து கெட்டுப்போகும். தாஜ்மஹாலுக்குள் தின்பண்டம் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே சாப்பிட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

அப்புறம், 'நம்ம ஊர் சமையல்காரர் கூடவே வருகிறார்' என்ற தைரியம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலு மணிக்கு வடித்த சோற்றைச் சுடச்சுடப் பொட்டலம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மத்தியானம் ஒரு மணிக்குப் பிரித்தால் அது யார் கைச் சமையலாக இருந்தால் என்ன? வெதுவெதுப்பிலேயே கிடக்கும் சோற்றில் ஒருவகைக் கிருமி பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. புளியின் புளிப்பு இருப்பதால் புளியோதரை தாங்கும். சாம்பார் சாதமும் பொங்கலும் தாங்காது. பாட்டிமார்கள் ரயிலுக்கு ஏன் புளிச்சோறு கட்டினார்கள் என்பது இப்போது புரிகிறது. அந்தப் பொட்டலத்தை விட, காசித் தெருவில் எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த கச்சோரி எவ்வளவோ மேல். காசிக்குப் போய் அதைத் தொடாமல் வா என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்தில் நறுக்கி வைத்திருக்கும் பழத்தையும், தண்ணீர் விட்டுக் கரைத்த பச்சைச் சட்னியையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று. காசியிலிருந்து கயாவுக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வழியில் பாத்ரூம் எப்படி இருக்குமோ என்று பயந்து, எங்கள் பஸ்ஸில் பெண்கள் பலரும் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. என் மாமியார் உட்பட. திரும்பி வந்த மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்று, குளிர் ஜுரம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரியான சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். அந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன. தண்ணீரும் சேர்ந்து போகும், உடம்பு வறண்டுவிடும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் (ORS), அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். இனிப்பு ஜூஸை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளே இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

டூர் மேனேஜரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நாங்கள் கயாவிலிருந்து திரும்பும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். "இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லைங்க" என்றார்.