காசநோயாளியின் உணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்: நிக்ஷய் போஷண் யோஜனா

காசநோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒவ்வொருவருக்கும், சிகிச்சைக் காலம் முழுவதும் சத்தான உணவுக்காக ஒன்றிய அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. நிக்ஷய் போஷண் யோஜனா என்னும் இத்திட்டம் 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயுடன் தொடங்கியது. 2024 நவம்பர் 1 முதல் தொகை இரட்டிப்பாக்கப்பட்டது. வருமான வரம்பு கிடையாது. நோயாளியின் பெயர் நிக்ஷய் என்னும் அரசு இணையப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை. காசநோயைக் கண்டறியும் தனியார் மருத்துவர்களும் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருப்பதால், தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்களுக்கும் இத்தொகை உரியது. ஆனால் அங்கே யாரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், நோயாளியின் வீட்டாரே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பணம் மாதாமாதம் வருவதில்லை. சிகிச்சை தொடங்கும்போதே 3,000 ரூபாய் முன்பணமாகவும், 84 நாள் சிகிச்சை முடிந்தபின் இன்னொரு 3,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயைப் போல ஆறு மாதத்துக்கு மேல் சிகிச்சை நீளும் நிலையில், கூடுதல் மாதங்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் என்ற கணக்கில் தொகை தொடரும்.

முன்பணமாகத் தருவதற்குக் காரணம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தில் மருந்தோடு நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், நெருக்கடியான வீடுகளில் குறைந்த உணவோடு மருந்து மட்டும் உட்கொண்டவர்களுக்கும் கிடைத்த பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஏழை நாடுகளில் இலட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே குணமடைய வழிவகுத்த முடிவு அது. எனினும், மருந்து இருந்தால் போதும், சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற எண்ணமும் அதன் பின்னே வேரூன்றிவிட்டது. கிருமி அழிகிறதா என்பது ஒரு கேள்வி. எலும்பும் தோலுமாக வந்து சேர்பவர் பிழைக்கிறாரா என்பது வேறு கேள்வி. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளிடம் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடியது. அங்கே நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேர் குறைஎடையோடு இருந்தார்கள். முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே, அதாவது 40 கிலோ இருந்தவர் 42 கிலோ ஆனால், இறக்கும் அபாயம் 61 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. ஆகவே உணவுக்கான பணம் கைக்கு வரவேண்டிய நேரம் தொடக்கம்தான். மூன்றாம் மாதத்தில் வந்து சேரும் முதல் தவணை பாதிப் பயனைத்தான் தரும்.

தாமதம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் நேர்கிறது. இயங்காமல் முடங்கிய கணக்கு, பதிவேட்டிலும் பாஸ்புக்கிலும் வெவ்வேறாக உள்ள பெயர், ஓர் இலக்கம் தவறிய கணக்கு எண் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும். சொந்தக் கணக்கு இல்லாதவர்கள் தங்கள் சம்மதத்தோடு குடும்பத்தினர் ஒருவரின் கணக்கைக் கொடுக்கலாம்.

எடையையும் உயரத்தையும் அளந்து பதியச் சொல்லிக் கேளுங்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்பதைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் (BMI) 18.5க்குக் கீழே உள்ளவர்களுக்கு, முதல் இரண்டு மாதங்களுக்கு ஆற்றல் மிகுந்த சத்துணவும் தனியே வழங்க 2024ஆம் ஆண்டு அறிவிப்பு வகைசெய்கிறது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 47 கிலோவும் இல்லையென்றால் இந்த வரம்புக்குள் வருவார். தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும், நோயைக் கண்டறிந்தவுடன் எடைக்குறைவு, மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மோசமான நிலையில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

மாதம் 1,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 33 ரூபாய். இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்பதோடு ஏறத்தாழ முடிந்துவிடும் தொகை இது. ரேஷன் அரிசியும் பருப்பும் வீட்டில் இருந்தால்தான் இது கூடுதல் ஊட்டமாகும். ஏழை வீட்டில் நோயாளிக்கென்று தனி உலை வைப்பதில்லை. தாய்க்கு வந்த முட்டை பிள்ளையின் தட்டுக்குத்தான் போகும்; அதைத் தவறென்று சொல்லவும் முடியாது. ஜார்க்கண்டில் ஆய்வாளர்கள் இதை உணர்ந்து ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டாருக்கும் சேர்த்து அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. வங்கிக்கு வரும் தொகையோ இன்றும் நோயாளி ஒருவருக்கான கணக்கில்தான் இருக்கிறது. வீட்டாருக்கு இப்போதுள்ள வழி, 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாடு: தனிநபர்களும் நிறுவனங்களும் அமைப்புகளும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பெட்டகம் வழங்குகிறார்கள், 2024இல் இது வீட்டாருக்கும் விரிவாக்கப்பட்டது. கொடையாளர் கிடைப்பதைப் பொறுத்தே இது அமையும் என்பதால் இதை உரிமையாகக் கோர முடியாது; ஆனால் நோயாளி சம்மதம் தெரிவித்துப் பதிந்தால்தான் கொடையாளருடன் இணைக்கவே முடியும் என்பதால், சிகிச்சை தொடங்கும்போதே அதையும் கேட்டுப் பதிந்துவிடலாம்.

தொகை வரவில்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பிரிவின் சிகிச்சை மேற்பார்வையாளர் யார் என்று கேட்டு, பதிவு எண்ணையும் பாஸ்புக்கையும் அவரிடம் காட்ட வேண்டும். 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலும் முறையிடலாம்.