கடைக்குள் அடம் பிடிக்கும் குழந்தை

"வீட்டில இவன் இப்படி இல்ல மேடம். கடைக்குள்ள கால் வெச்சாத்தான் வேற பிள்ளையாயிடறான்." குழந்தைகள் மனநல ஆலோசகரான என் காதில் இது அடிக்கடி விழுகிறது. கடைசியாகச் சொன்னவர் நான்கு வயதுப் பையனின் அம்மா. பில் போடும் வரிசையில் நிற்கும்போது பையன் தரையில் படுத்துப் புரண்டிருக்கிறான். பின்னால் நின்ற யாரோ, "பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணம்" என்று முணுமுணுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. பையன் கேட்டது ஒரு சின்ன பொம்மை கார். கடைசியில் வாங்கிக் கொடுத்துவிட்டார். "குடுத்திருக்கக் கூடாதுன்னு தெரியும் மேடம். ஆனா எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகப் பேச வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் குழந்தையின் பக்கம் நின்று பார்க்கலாம்.

அடுத்த முறை பெரிய கடைக்குப் போனால், ஒரு நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 செ.மீ. அந்த உயரத்தில் கண்ணை வைத்து நான் பார்த்திருக்கிறேன். மேலே தொங்கும் பலகைகள் கண்ணில் படவில்லை. முழங்கால்கள், முகத்தில் இடிக்க வரும் பைகள், கடகடவென்று நெருங்கும் ட்ராலி சக்கரங்கள், இவைதான் தெரிந்தன. அதற்கு நடுவே கை நீட்டினால் எட்டும் கீழ் அடுக்கில், பளபளவென்று பொம்மைகளும் மிட்டாய்களும். பில் போடும் இடத்தில் அவற்றை அடுக்கி வைப்பது தற்செயலாக நடப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தில் கை அங்கேதான் போகும் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். அந்த இழுப்புக்குப் பெரியவர்களே தப்புவதில்லை. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள தின்பண்டங்களில் பலவற்றைப் பெரிய கடைகள் வாசலிலும் பில் போடும் இடத்திலும் வைக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் இங்கிலாந்து அரசு விதியே கொண்டுவந்தது.

ஆசையை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிறது. மூன்று வயதுக் குழந்தையிடம் அந்தக் கட்டுப்பாடு இப்போதுதான் முளை விட்டிருக்கிறது. பசியும் தூக்கமும் சேர்ந்தால் அதுவும் போய்விடும். ஆகவே பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குக் கடைக்குப் போனீர்கள்?" என்பதுதான். மதியத் தூக்கத்தைக் கெடுத்துக் கூட்டிப் போயிருந்தால், அதற்குப் பிறகு எந்த உத்தியும் பெரிதாக எடுபடாது. குழந்தை சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு, கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். மாதச் சாமான் மொத்தமும் வாங்கும் நாளில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் விட்டுவிட்டே போங்கள். அதில் தவறே இல்லை.

கூட்டிப் போவதென்றால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கே போகிறோம், என்ன வாங்கப் போகிறோம், இன்று பொம்மை உண்டா இல்லையா. இரண்டு மூன்று வரி போதும். "ஓடாதே, தொடாதே" என்பதைவிட "ட்ராலியைப் பிடிச்சுக்கிட்டே நட" என்பது சின்னக் குழந்தைக்குச் சட்டென்று புரியும். எதைச் செய்யக் கூடாது என்று சொன்னால், என்ன செய்வது என்பதை அதுவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த நான்கு வயதுப் பையனுக்கு ஒரு படப் பட்டியல் தயார் செய்யச் சொன்னேன். அம்மாவும் பையனும் உட்கார்ந்து சோப்பு, சீப்பு, பல் துலக்கும் பிரஷ் மூன்றையும் ஒரு காகிதத்தில் வரைந்தார்கள். அடுத்த முறை வந்தபோது அதைக் கொண்டுவந்து காட்டினான். சீப்பு முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு க்ரேயானில் அழுத்தி ஒரு கோடு. காகிதம் கிழிந்துபோகும் அளவுக்கு அழுத்தம். மூன்றையும் அவனே அடுக்கில் தேடி எடுத்துப் போட்டானாம். கையில் வேலை இருந்ததால் கடை அவனுக்குச் சலிக்கவில்லை, அவ்வளவுதான். அவன் ஒழுங்காக நடந்த நேரத்தில் அதைக் கவனித்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தேன். "சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "வரிசையில என் பக்கத்துலயே நின்னியே" என்று நடந்ததைச் சொன்னால் குழந்தை அதைப் பிடித்துக்கொள்ளும்.

ட்ராலி பற்றி ஒரு எச்சரிக்கை. ட்ராலியால் குழந்தைகளுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை அதிலிருந்து கீழே விழுவதால் வருபவை, அடிபடுவது அநேகமாகத் தலையில். இருக்கையில் உட்காரவைத்தால் பெல்ட் போடுங்கள். சாமான் போடும் கூடைக்குள் நிற்க விடாதீர்கள். பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு வரவும் விடாதீர்கள், வண்டி சாய்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் சில நாள் குழந்தை அடம் பிடிக்கத்தான் செய்யும். அது எதற்கு என்று முதலில் பாருங்கள். களைத்துப்போய் அழும் குழந்தைக்குப் பொம்மையே கொடுத்தாலும் அழுகை நிற்காது. தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவதுதான் வழி. பாதி நிரம்பிய ட்ராலியை ஓரமாக விட்டு, கடை ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்.

ஒரு பொருளைக் கேட்டு அழுதால் விஷயம் வேறு. அங்கே "இல்லை" என்று சொல்லிவிட்டால் அது இல்லைதான். பத்து முறை மறுத்துவிட்டுப் பதினொன்றாவது முறை வாங்கிக் கொடுத்தால், பதினொரு முறை அழ வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் லேசில் விடாத பழக்கம் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார். கொடுப்பதாக இருந்தால் கேட்டவுடனே கொடுத்துவிடுங்கள், அதில் கேடு இல்லை. மறுத்துவிட்டு, அழுகைக்குப் பிறகு கொடுப்பதில்தான் சிக்கல்.

மறுத்த பிறகு நீளமாகப் பேச வேண்டாம். அழும் குழந்தையின் காதில் நியாயம் ஏறாது. பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, "அந்த கார் உனக்கு வேணும், கிடைக்கலைன்னு கோபம் வருது, புரியுது. இன்னிக்கு வாங்கலை" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள். சின்னக் குழந்தைகளின் இந்த ஆத்திரம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். கடைக்குள் அது ஐம்பது நிமிடமாகத் தெரியும். அப்படித் தெரியவைப்பது நாலு பேரின் பார்வை. நான் பார்த்தவரை பெற்றோரில் பலர் குழந்தையின் அழுகையைத் தாங்கிக்கொள்கிறார்கள், அந்தப் பார்வையைத்தான் தாங்க முடிவதில்லை. அதனால்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் அடிக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடமும் குழந்தையின் முகத்தை மட்டும் பாருங்கள். சுற்றி நிற்பவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காதீர்கள். அவர்களை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதே இல்லை.

சுற்றி நிற்பவர்களுக்கும் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. "பாவம், வாங்கிக் குடுங்களேன்" என்று சொல்லாதீர்கள். "அழுதா அந்த அங்கிள் பிடிச்சுட்டுப் போயிடுவார்" என்று கடை ஊழியரைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். பெற்றோரும் இதைச் செய்கிறார்கள். நாளைக்குக் கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோனால் உதவி கேட்க வேண்டியது அதே ஊழியரிடம்தான். பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று நம்பும் குழந்தை அவரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். "இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்பதும் வேண்டாம். சின்னக் குழந்தை அதை அப்படியே நம்பிவிடும். உதவ வேண்டுமென்றால், வரிசையில் அந்த அம்மாவையோ அப்பாவையோ முன்னால் விடுங்கள். சாமானை எடுத்து மேலே வைக்க ஒரு கை கொடுங்கள்.

அடம் அடிக்கடி 25 நிமிடத்தைத் தாண்டினாலோ, குழந்தை தன்னையே அடித்துக்கொண்டாலோ, கடித்துக்கொண்டாலோ ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கடைக்குள் நுழைந்ததுமே காதைப் பொத்திக்கொண்டு, விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணை இறுக்கிக்கொள்ளும் குழந்தைகளையும் காட்ட வேண்டும். சத்தமும் வெளிச்சமும் அவர்களுக்கு நிஜமாகவே வலிக்கலாம். அந்த அழுகைக்கு அடம் என்று பெயர் வைக்கக் கூடாது.