குழந்தையின் வயிற்றுக்குக் கணக்குத் தெரியும்

பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. எடை மூன்று மடங்கு. அதே வேகத்தில் போனால் இரண்டாம் பிறந்தநாளில் 27 கிலோ, மூன்றாவதில் 81 கிலோ இருக்க வேண்டும். நல்லவேளை, அப்படி நடப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டரை கிலோ போல, அதற்கப்புறம் பல வருடங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோ சொச்சம்தான். வளர்ச்சி இப்படி வேகத்தைக் குறைக்கும்போது பசியும் கூடவே குறையத்தானே செய்யும்? ஆனால் சரியாக இந்த வயதில்தான் வீட்டில் கலவரம் ஆரம்பிக்கிறது. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டான், இப்ப வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று கவலைப்பட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட ஆரம்பிக்கிறோம்.

குழந்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை ஒரு வேளையை வைத்து எடைபோடக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் லியான் பர்ச்சும் அவருடன் வேலை செய்தவர்களும், இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 15 பேர் உண்டதையெல்லாம் பல நாட்கள் அளந்து, முடிவுகளை 1991-ல் வெளியிட்டார்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே கலோரி தாறுமாறாக ஏறி இறங்கியது, சராசரியிலிருந்து சுமார் 34 சதவீத அளவுக்கு. ஆனால் முழு நாளுக்கும் கூட்டிப் பார்த்தால் அந்த ஏற்ற இறக்கம் 10 சதவீத அளவுக்குச் சுருங்கிவிட்டது. காலையில் இரண்டு வாயோடு எழுந்து போன குழந்தை மதியமோ இரவோ அதைச் சரிக்கட்டியது, யாரும் சொல்லாமலே.

உடம்புக்குள் இதை நடத்துவது ஒரு பெரிய செய்திப் போக்குவரத்து. வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறி, பசிக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. சாப்பிட ஆரம்பித்ததும் இரைப்பைச் சுவர் விரிவதை நரம்புகள் உணர்ந்து தகவல் அனுப்புகின்றன, உணவு குடலுக்குப் போனதும் அங்கிருந்து வேறு சில ஹார்மோன்கள் "போதும்" என்கின்றன. இந்தச் செய்தி எல்லாம் போய்ச் சேரக் கால் மணி நேரமாவது ஆகும். சின்னக் குழந்தைகள் இந்தச் செய்தியை நன்றாகவே கேட்கிறார்கள். கேட்காமல் இருக்கப் பழக்குவது பெரும்பாலும் நாம்தான். 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தட்டில் கூடுதலாகப் பரிமாறினாலும் மூன்று, மூன்றரை வயதுக் குழந்தைகள் தங்கள் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து வயதுக்காரர்களோ தட்டில் கூடக்கூடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதற்குள் வெளியிலிருந்து வரும் சமிக்ஞை, உள்ளிருந்து வருவதை முந்த ஆரம்பித்துவிட்டது. "தட்டைக் காலி பண்ணு" என்பதும் அப்படி ஒரு வெளிச் சமிக்ஞைதான். போனில் வீடியோவை ஓடவிட்டு ஊட்டுவது இன்னும் மோசம், குழந்தை எந்தச் சமிக்ஞையையும் கவனிக்கும் நிலையிலேயே இருக்காது.

சரி, வற்புறுத்தினால் அந்த நேரத்துக்காவது இரண்டு வாய் உள்ளே போகிறதே என்று தோன்றும். அதுவும் சந்தேகம்தான். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது மட்டும் "சூப்பை முடி" என்று நடுநடுவே சொன்னார்கள், இன்னொன்றை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சும்மா விட்ட சூப்தான் அதிகம் உள்ளே போனது. முடிக்கச் சொன்ன சூப்பைப் பற்றிக் குழந்தைகள் சொன்ன குறைகளோ ஏராளம். லஞ்சமும் இதே கதைதான். 1984-ல் கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சில குழந்தைகளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள், முடிவில் அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்துவிட்டது. குழந்தையின் தர்க்கம் நியாயமானதுதான்: பரிசு கொடுத்துக் குடிக்கவைக்கிறார்கள் என்றால் அது நல்லதாகவா இருக்கும்? "கீரையைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்பதும் கீரையைத் தண்டனையாகவும் ஐஸ்கிரீமை விருதாகவும் ஒரே வாக்கியத்தில் ஆக்கிவிடுகிறது.

கீரை என்றதும் கசப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனித நாக்கில் கசப்பை உணர மட்டும் சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. தாவரங்கள் தம்மைத் தின்ன வருபவர்களிடமிருந்து தப்பிக்கத் தயாரிக்கும் நச்சுகளில் பல கசப்பானவை என்பதால், கசந்தால் துப்பு என்ற விதி பிறவியிலேயே வந்துவிடுகிறது. டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணு எந்த வடிவத்தில் வாய்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே முட்டைக்கோஸ் ஒருவருக்குச் சப்பென்றும் இன்னொருவருக்குத் தாங்க முடியாத கசப்பாகவும் இருக்கும். ஆகவே அண்ணன் சாப்பிடுகிறான், தம்பி துப்புகிறான் என்றால் அது பிடிவாதமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. போதாக்குறைக்கு இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவே புதிய உணவு எதைக் கண்டாலும் பயப்படும் ஒரு கட்டம் வேறு வருகிறது. தானாக நடந்து, கண்டதை எடுத்து வாயில் வைக்கும் வயது அது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பயம் பல தலைமுறைக் குழந்தைகளை விஷக்காயிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்ற விளக்கம் பொருந்தித்தான் போகிறது.

இந்தப் பயத்துக்கு மருந்து பழக்கம், அதுவும் மெதுவான பழக்கம். ஓர் உணவை எட்டு முதல் பதினைந்து முறை ருசி பார்த்த பிறகே பல குழந்தைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நாமோ நாலாவது முறையிலேயே "இவளுக்கு பீன்ஸ் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். ஆனால் பட்டாணி அளவு பட்டாலே போதும், பிறகு துப்பினாலும் கணக்கில் சேர்த்தி. பழக்கம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா செய்து 2001-ல் வெளியிட்ட சோதனையில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் கேரட் சாறு குடித்திருந்தால், பின்னாளில் குழந்தை கேரட் சுவையுள்ள கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் குழந்தையிடமே விட்டுவிடலாமா? அதைச் செய்தே பார்த்தவர் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர். 15 குழந்தைகள், தாய்ப்பாலை மறந்த நாளிலிருந்து, 34 வகை உணவுகளிலிருந்து தாங்களே தேர்ந்தெடுத்துச் சாப்பிட்டார்கள். செவிலியர் எதையும் பரிந்துரைக்கக் கூடாது, குழந்தை கை நீட்டினால் மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு குழந்தையின் தேர்வும் விசித்திரமாக இருந்தது, ஆனால் எல்லாரும் ஆரோக்கியமாக வளர்ந்தார்கள். எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் ஈரல் எண்ணெய் ஒரு சின்னக் கிளாஸில் வைத்தார்கள். நோய் குணமாகும்வரை அவ்வப்போது தானாகவே அதைக் குடித்த குழந்தை, அப்புறம் தொடவில்லை. கேட்க அற்புதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 1939-ல் இதைப் பற்றி எழுதியபோது டேவிஸே போட்டு உடைத்துவிட்டார்: சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்றார். சர்க்கரை இல்லை, பாக்கெட் பண்டம் இல்லை, இருந்த 34-ம் சத்தானவை. எதை எடுத்தாலும் தப்பாகாது என்ற நிலையில்தான் குழந்தையின் தேர்வு வேலை செய்தது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று பின்னாளில் எலின் சாட்டர் என்ற ஊட்டச்சத்து நிபுணர் வகுத்ததும் இதைத்தான். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எடை ஏறாமல் நின்றுபோனாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிடும் உணவுகளின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போனாலோ இந்த விளக்கங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஓடியாடுவதிலும் இதே தகராறுதான், உள்ளே இருக்கும் வேகம் ஒன்று, நாம் எதிர்பார்க்கும் வேகம் வேறு. 1995-ல் ஆறு முதல் பத்து வயதுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, என்ன செய்கிறார்கள் என்று மூன்று விநாடிக்கு ஒருமுறை குறித்தார்கள். மூச்சு வாங்கும் அளவு கடுமையான அசைவு ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்றே விநாடிதான் நீடித்தது. ஓடுவது, நிற்பது, குனிந்து எதையோ பார்ப்பது, மறுபடி பாய்வது. பெரியவர்கள் நடைப்பயிற்சி போவதுபோல ஒரே சீராக முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னால் அவர்களுக்கு அலுப்பு தட்டுவதில் ஆச்சரியமில்லை. ஐந்து முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதை இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தாலே போதும். 11 முதல் 17 வயதுள்ளவர்களில் உலக அளவில் ஐந்தில் நாலு பேர் இதை எட்டுவதில்லை. விளையாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்கலாம், வரிசையில் நின்று முறைக்குக் காத்திருப்பதிலேயே பாதி நேரம் போகும் வகுப்புகளும் இருக்கின்றன.

குதிப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. காலடி தரையில் மோதும்போது எலும்பு துளியூண்டு வளைகிறது, அதற்குள் நுண்ணிய குழாய்களில் இருக்கும் திரவம் நகர்கிறது, எலும்புக்குள் உட்கார்ந்திருக்கும் செல்கள் அந்த நகர்வை உணர்ந்து இந்த இடத்தைக் கெட்டிப்படுத்து என்று உத்தரவு போடுகின்றன. டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரு கைகளையும் ஒப்பிட்டு 1995-ல் வெளியான ஆய்வில், பூப்படைவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கையைவிடக் கெட்டியாக இருந்த வித்தியாசம், அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நாலு மடங்கு அதிகம். அந்தப் பருவம் கடந்த பிறகும் உடற்பயிற்சி பலன் தரும், இவ்வளவு தராது.

விளையாடுவது வெளியே என்றால் கண்ணுக்கும் சேர்த்து லாபம். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஒரு பகுதி மாணவர்களுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே ஒதுக்கி, மூன்று ஆண்டு கழித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கப்படி வகுப்பிலேயே இருந்தவர்களில் 39 சதவீதத்துக்கும் மேல். பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்குப் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருந்தாலே அதிகம், வெளியே பகலில் அது சாதாரணமாகப் பத்தாயிரத்தைத் தாண்டும், நிழலில்கூட அறையைவிடப் பல மடங்கு. அதனால் ஓட மாட்டேன் என்று குழந்தை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் நாளில்கூட வெளியே கூட்டிப்போய் மரத்தடியில் சும்மா உட்காரவிடலாம்.