படிகம்: சொல் விளக்கம்

பிளஸ் ஒன் வகுப்பில் நொதிகள் பாடம், அதாவது உயிர்களின் உடலில் வேதிவினைகளை வேகப்படுத்தும் என்சைம்கள். முட்டையில் உள்ள ஒரு நொதியைப் பற்றி 'நொதியின் படிக அமைப்பைக் கண்டறிந்தனர்' என்று ஒரு வரி வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "படிகம்னா கல்லுதானே மிஸ்? அம்மன் சன்னதியில ஸ்படிக மாலை விக்கிறாங்களே, அதுதானே? முட்டைக்குள்ள இருக்குற நொதி எப்படிக் கல்லாகும்?"

நல்ல கேள்வி. மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது, சுருக்கமாக ஏதோ சொல்லி முடித்தேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

படிகம் என்பது வடமொழி ஸ்படிகத்தின் தமிழ் வடிவம். முதலில் நிற்கும் ஸ் தமிழ் வாய்க்கு ஒத்துவராது, உதிர்ந்துவிட்டது. அதே சொல் பிராகிருதத்தின் வழியாக இன்னொரு முறையும் நம்மிடம் வந்திருக்கிறது. அப்படி வந்ததுதான் பளிங்கு. பார்த்தால் ஒட்டும் உறவும் தெரியாது, ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இவற்றில் பளிங்குதான் இலக்கியத்தில் மூத்தது. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்கிறது குறள். பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் நிறத்தைத் தானும் காட்டும் தெளிந்த கல் என்று பொருள். மணிமேகலை போய் ஒளிந்துகொண்ட பளிக்கறையும் இந்தப் பளிங்கால் ஆனதுதான்.

பிற்பாடு பளிங்கு மெல்ல இடம் மாறி, தரைக்குப் போடும் மார்பிளுக்குப் பெயராகிவிட்டது. மார்பிளின் வழியே அந்தப் பக்கம் தெரியாது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கிரிஸ்டலுக்குப் படிகத்தை எடுத்துக்கொண்டன. இலங்கைப் பாடநூல்களில் இன்றும் பளிங்குதான், பளிங்காக்கம் என்றுதான் எழுதுகிறார்கள். அதுவும் சரியே. மதுரையில் பாடம் நடத்தும் நான் பளிங்கு என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கல்யாண மண்டபத் தரைதான் நினைவுக்கு வரும், ஆகவே என் ஓட்டு படிகத்துக்கு.

கரைசலின் அடியில் படிவதால் படிகம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கிறது, பாடம் நடத்தவும் வசதி. ஆனால் வேர் அது இல்லை. திருஷ்டிக்கென்று வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே படிகாரம், அதுவும் ஸ்படிகத்தின் குடும்பம்தான், படிதலின் குடும்பம் இல்லை.

ஆங்கிலத்தின் கிரிஸ்டலுக்கும் கதை உண்டு. கிரேக்கத்தில் கிருஸ்டலோஸ் என்றால் பனிக்கட்டி. மலைகளில் கிடைத்த தெளிந்த படிகக்கல்லை, இனி உருகவே முடியாதபடி இறுகிப்போன பனி என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

ஆக நம் சொல்லும் அவர்கள் சொல்லும் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள்: தெளிவாக இருந்தால் படிகம். அறிவியல் இந்தப் பொருளை மாற்றியது. தெளிவு முக்கியமில்லை, அடுக்கு முக்கியம். ஒரே மாதிரியான அணுக்களோ மூலக்கூறுகளோ, ஒரே இடைவெளியில், ஒரே பக்கம் பார்த்து, முப்புறமும் வரிசை பிசகாமல் நின்றால் அது படிகம். அந்தக் கணக்கில் சீனி படிகம், கல்லுப்பு படிகம், மேலூர்க் கிரானைட் கல்லின் உடைந்த முகத்தில் மினுக்கும் துகளும் படிகம். சன்னல் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் படிகம் இல்லை, அதற்குள் வரிசை கிடையாது.

இப்போது அவள் கேள்விக்கு வரலாம். அடுக்குதான் படிகம் என்றால் புரதமும் படிகமாகலாம். நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். இதை இன்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம், அன்று இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர், வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரையின் மாவிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் பிரிக்க ஒன்பது வருடம் பாடுபட்டார். சின்ன வயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர். 1926-இல் மாவுச் சாற்றை அசிட்டோனோடு சேர்த்து வடித்து, குளிரில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் நுண்ணோக்கியில் குட்டிக் குட்டிப் படிகங்கள். அது புரதம், அதுவே நொதி என்றார். பெரிய பெயர்கள் பல வருடம் நம்பவில்லை. 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது.

புரதப் படிகம் உருவாவதை நான் பார்த்தது பல்கலை நகரில் படித்தபோது, நாகமலை தெரியும் ஓர் ஆய்வகத்தில். சின்னக் கண்ணாடித் தகட்டில் புரதக் கரைசல் ஒரு துளி, உப்புக் கரைசல் ஒரு துளி. தகட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடர்ந்த உப்புக் கரைசல் உள்ள குழியின் மேல் வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி மூடுவார்கள். துளி தொங்கிக்கொண்டிருக்கும். அதிலுள்ள நீர் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உள்ள கரைசலுக்குப் போகும், துளி இறுகும். வேகமாக இறுகினால் புரதம் திரிந்த பால் மாதிரி வெள்ளையாகிக் கெட்டுவிடும். மெதுவாக இறுகினால்தான் அடுக்கு அமையும். பனங்கற்கண்டுக்குப் பாகைக் காய்ச்சி ஊற்றிவிட்டு அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைப்பார்களே, அதே பொறுமை.

ஒரு நாள் துளிக்குள் பளபளவென்று ஒன்று கிடந்தது, ரவைத் துகளைவிடச் சின்னது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா ஒருவர் மெல்லிய ஊசியால் அதைத் தொட்டு அழுத்தினார். நறுக்கென்று எதிர்த்து நின்றது. "உப்புடா இது" என்றார். புரதப் படிகம் அப்படி எதிர்க்காது, தொட்டால் சத்தமில்லாமல் தூளாகிவிடும், ஏனென்றால் அதற்குள் ஏறக்குறைய பாதி நீர்தான். காய்ந்தால் வரிசை குலைந்துவிடும். 1934-இல் கேம்பிரிட்ஜில் பெர்னல், டோரதி குரோஃபுட் என்ற அறிவியலாளர்கள் இருவரும் பெப்சின் என்ற செரிமான நொதியின் படிகத்தை, அது வளர்ந்த தாய்க்கரைசலோடு ஈரமாகவே வைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள், அப்போதுதான் தெளிவான புள்ளிகள் விழுந்தன. ஒற்றை மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் மிக மெலிதானது. படிகத்தில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே வரிசையில் நிற்பதால் அந்த மெல்லிய சேதி பெருகி, படத்தில் புள்ளிகளாக விழுகிறது. புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் கொண்டு, இன்னும் சில உத்திகளையும் சேர்த்து, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள்.

இப்படி முதலில் அமைப்பு தெரிந்த நொதி லைசோசைம், 1965-இல், டேவிட் பிலிப்ஸ் குழுவால். முட்டை வெள்ளைக்கருவில் இருப்பது, நம் கண்ணீரிலும் இருக்கிறது. 129 அமினோ அமிலங்கள் சுருண்டு மடங்கி, நடுவில் ஒரு பள்ளம். பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி அந்தப் பள்ளத்தில் வந்து படுக்க, நொதி அதை வெட்டுகிறது. அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்று எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது ஒழுங்காக இருக்கிறதா என்று 1963-இல் சென்னையிலிருந்து வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடத்தில் (புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டுவது) வைத்துச் சரிபார்க்கிறார்கள். நிலக்கடலையில் உள்ள லெக்டின் என்ற புரதத்தின் அமைப்பை 1994-இல் பெங்களூரில் படிகவியலாளர் விஜயனின் குழு வெளியிட்டது. லெக்டின் நொதி இல்லை, சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம். கடலைக்காட்டு வழியாக நடந்து பஸ்ஸுக்கு வரும் பிள்ளைக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நொதி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்சைம் என்பதற்குக் கிரேக்கத்தில் 'புளித்த மாவுக்குள் இருப்பது' என்று பொருள். நாம் ஒலியைப் பிடிக்காமல் பொருளைப் பிடித்து, நொதித்தல் என்ற வினையிலிருந்து நொதி என்றோம். இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஆனால் 'நொதியின் படிக அமைப்பு' என்ற தொடரில் எனக்குக் குறை உண்டு. அவள் குழம்பியது இங்கேதான். உப்பின் படிக அமைப்பு என்றால் அடுக்கின் அமைப்பு. நொதியின் படிக அமைப்பு என்று எழுதும்போது உயிர்வேதியியலாளர் பெரும்பாலும் சொல்ல வருவது அடுக்கைப் பற்றி அல்ல, தனி மூலக்கூறின் மடிப்பையும் பள்ளத்தையும் பற்றி. படிகம் அங்கே பார்க்க உதவிய வழி. உடம்புக்குள் அந்த நொதி படிகமாக இருப்பதும் இல்லை. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. 'படிகவழி அமைப்பு' என்று எழுதினால் போதும், ஒரே ஒரு சொல்தான் கூடுகிறது. துறைக்குப் புரதப் படிகவியல் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்.

மறு வாரம் இதைக் கரும்பலகையில் எழுதினேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டு, "அப்ப நொதி கல்லாகல மிஸ், வரிசையா நிக்க வச்சுப் படம் எடுத்திருக்காங்க" என்றாள். அடுத்த கேள்வியும் தயாராக இருந்தது: வரிசையில் நிற்கவே மாட்டேன் என்கிற புரதத்தை எப்படிப் படம் எடுப்பது?