ரப்பரை எடுத்தால் என்ன ஆகும்? பந்தயக் காரின் என்ஜின் மவுண்டிங்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் என்ஜின் மவுண்டிங்கில், அதாவது என்ஜினை வண்டியோடு பிடித்து நிறுத்தும் தாங்கியில், கை வைத்துவிடுவார்கள். 1989-ல் வந்த முதல் தலைமுறை வண்டியில் 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின். அதன் இரு பக்கமும் ஆளுக்கொரு ரப்பர் மவுண்டிங். இந்த ரப்பரைக் கழற்றிவிட்டு அலுமினியத்திலோ இரும்பிலோ கட்டையாகக் கடைந்து போட்டால் அதற்குப் பெயர் சாலிட் மவுண்டிங். குதிரைசக்தி ஒன்றுகூட ஏறாது. பிறகு எதற்கு இந்த வேலை?

என்ஜின் சக்கரத்தைத் திருப்பும்போது, சக்கரம் என்ஜினை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும். இந்த என்ஜினின் உச்ச முறுக்குவிசை 136 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.136. இரண்டையும் பெருக்கினால் கியர்பாக்ஸிலிருந்து வெளியே போவது சுமார் 426 நியூட்டன் மீட்டர். அதே அளவு முறுக்குவிசை என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பக்கவாட்டில் உருட்டப் பார்க்கும். இரண்டு மவுண்டிங்குகளுக்கும் நடுவே அரை மீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், இடது மவுண்டிங்கை சுமார் 87 கிலோ எடை மேலே இழுக்கிறது, வலது மவுண்டிங்கை அதே எடை கீழே அழுத்துகிறது. கிளட்சைப் படக்கென்று விட்டால் இதைவிட அதிகம். ரப்பர் நசுங்கும், என்ஜின் சாயும்.

எம்எக்ஸ்-5-ல் கியர் லீவர் கியர்பாக்ஸின் தலைமீதே நிற்கிறது. ஆகவே என்ஜின் சாய்ந்தால் லீவரும் சாயும். வளைவில் முழு ஆக்ஸிலரேட்டரில் மூன்றாவது கியரைத் தேடும் ஓட்டுநருக்கு அது நேற்று இருந்த இடத்தில் இருக்காது. ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது வண்டி ஒரு தடவை முன்னும் பின்னும் குலுங்குவதற்கும் இந்த ஆட்டம் ஒரு காரணம். சாலிட் மவுண்டிங் போட்டால் இதெல்லாம் போய்விடும். அதுதான் கிடைக்கும் லாபம்.

நஷ்டத்தைப் புரிந்துகொள்ள, ரப்பர் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ரப்பர் அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. ஒரு பூட்டை ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கவிட்டு, பேண்டின் மேல் முனையை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பூட்டு கையோடு கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் பூட்டு கையைவிட அதிகமாகத் துள்ளும். இன்னும் வேகமாக ஆட்டினால் கைதான் ஆடும், பூட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கே ஆட்டுவது என்ஜின், ஆடாமல் நிற்க வேண்டியது வண்டி. கணக்கு அதேதான். ரப்பரின் வேலை, என்ஜின் தன்பாட்டுக்கு ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது.

என்ஜின் ஏன் ஆடுகிறது? இரண்டு பிஸ்டன் ஏறும்போது மற்ற இரண்டு இறங்குகிறதே, சரிக்குச் சரியாகிவிட வேண்டாமா? ஆகாது. பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் கிராங்க் தண்டு உச்சியிலிருந்து கால் சுற்று திரும்பினால் பிஸ்டன் பாதி வழி வந்திருக்கும் என்று நினைப்போம். இந்த என்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை போகும் தூரம், 83.6 மி.மீ. ஆனால் கால் சுற்றிலேயே பிஸ்டன் சுமார் 48 மி.மீ. இறங்கிவிடுகிறது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்வதால் வரும் வித்தியாசம் இது. மேல் பாதியில் வேகமாகவும் கீழ் பாதியில் நிதானமாகவும் ஓடும் பிஸ்டன்கள் ஒன்றையொன்று முழுதாக ஈடுசெய்வதில்லை. மிச்சம் விழும் விசை நான்கு பிஸ்டனிலும் ஒரே திசையில் கூடி, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்ஜினை மேலும் கீழும் உலுக்குகிறது.

பிஸ்டனும் அதோடு ஏறி இறங்கும் பாகமும் சிலிண்டருக்கு அரை கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும் 850 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் அந்த உலுக்கு விசை 20 கிலோ எடைக்குச் சமம். 7,000 ஆர்.பி.எம்.-மில் 1.4 டன்! நொடிக்கு 233 முறை. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால்தான் இப்படி எகிறுகிறது.

இந்த 1.4 டன்னும் தளர்வான ரப்பரில் உட்கார்ந்திருக்கும் என்ஜினை எவ்வளவு அசைக்கும்? என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 150 கிலோ என்றால், மேலே 0.04 மி.மீ., கீழே 0.04 மி.மீ. ஒரு மயிரிழை. அத்தனை விசையும் என்ஜினின் சொந்த எடையை அந்த மயிரிழை தூரம் அசைப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது, வண்டிக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். ஆனால் அந்த மயிரிழை ஆட்டத்தையும் விடமாட்டேன் என்று உலோகத்தால் பிடித்துக்கொண்டால், விசையின் பெரும்பகுதி நேரே, மவுண்டிங் உட்காரும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேமுக்குப் போகும். எம்எக்ஸ்-5-ல் முன் சப்ஃபிரேம் பாடியோடு நேராக போல்ட் போடப்பட்டது, நடுவில் ரப்பர் இல்லை. ஆகவே ஸ்டீயரிங், கண்ணாடி, பல் எல்லாம் அதிரும்.

சரி, ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே, ரப்பரைவிட விறைப்பான பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கைப் போட்டுச் சமாளிக்கலாமே? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டு மிக அதிகமாகத் துள்ளிய அந்த நடு வேகம் நினைவிருக்கிறதா? அதற்குப் பெயர் இயல்பு அதிர்வெண், அது ஒவ்வொரு மவுண்டிங்குக்கும் உண்டு. ரப்பரில் அது 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 முறை, என்று கொள்வோம். ஐடிலிங்கில் நான்கு சிலிண்டர் என்ஜின் உலுக்குவது 28 ஹெர்ட்ஸ், நல்ல இடைவெளி. இப்போது ஒன்பது மடங்கு விறைப்பான பாலியூரித்தேன் போட்டால் இயல்பு அதிர்வெண் மூன்று மடங்காகி 30 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும், ஐடிலிங்குக்கு நெருங்கிய பக்கத்து வீடு. சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டு கடகடவென்று ஆடுவதும், 1,100 ஆர்.பி.எம்.-முக்கு ஏற்றியதும் அடங்குவதும் இதனால்தான். ஐடிலிங்கில் மட்டும் பார்த்தால் அரைகுறை விறைப்பைவிட முழு உலோகமே மேல் என்ற நிலைகூட வரலாம்.

ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் என்ஜினை ஃபிரேமில் இறுக்கித்தான் பூட்டினார்கள். 1931-ல் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில், என்ஜினின் எடை மையத்தை ஊடுருவிப் போகும் அச்சில், முன்னே உயரமாகவும் பின்னே தாழ்வாகவும் ரப்பரில் என்ஜினைத் தொங்கவிட்டது. நான்கு சிலிண்டர் என்ஜின் எட்டு சிலிண்டர் போல மென்மையாக ஓடுகிறது என்று விளம்பரம் செய்தார்கள். மறு வருடமே சிட்ரோயன் அந்த உரிமத்தை வாங்கியது. பந்தயக்காரர்கள் போன திசை வேறு. 1967-ல் லோட்டஸ் 49 என்ற ஃபார்முலா ஒன் காரில் காஸ்வொர்த் டிஎஃப்வி என்ஜினை ஓட்டுநர் அறையின் பின்சுவரில் நேராக போல்ட் போட்டு, பின் சஸ்பென்ஷனை என்ஜின் மேலேயே மாட்டினார்கள். அங்கே மவுண்டிங் என்ற பேச்சே இல்லை. என்ஜின்தான் சேசிஸ். ஜிம் கிளார்க் அந்தக் காரின் முதல் பந்தயத்திலேயே, சாண்ட்ஃபோர்ட்டில், ஜெயித்தார்.

நம் எம்எக்ஸ்-5-க்கு வருவோம். சாலிட் மவுண்டிங் செய்வதில் முதல் சிக்கல் அளவு. புது ரப்பர் மவுண்டிங்கை மேசையில் வைத்து உயரம் எடுத்தால் தப்பாகிவிடும். என்ஜின் பாரத்தில் அது நசுங்கியிருக்கும் உயரம்தான் வேண்டும். அதனால் கழற்றும் முன்பே வண்டியில் வைத்து அளக்க வேண்டும், அதுவும் பழைய ரப்பர் தொய்ந்துபோகாமல் இருந்தால் மட்டும்.

இரும்பில் செய்தால் வெல்டிங் போடலாம். 6061 வகை அலுமினியக் கலவையை வெல்டிங் போட்டால் சூடுபட்ட இடம் பலமிழக்கும், ஆகவே அதை ஒரே கட்டையிலிருந்து கடைந்து எடுப்பதே நல்லது. இரும்புக்கு ஒரு ஜிக் (துண்டுகளை அசையாமல் பிடிக்கும் அச்சுத் தகடு) கட்டாயம். கனமான தகட்டில் வண்டியில் உள்ள அதே இடைவெளியில் துளைகள் போட்டு, துண்டுகளை அதில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடிக்க வேண்டும். வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்கி இழுக்கும். ஒரே பக்கம் நீளமாக ஓட்டினால் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, ஜிக்கிலேயே ஆறவிட்டு, கடைசித் துளையை அதன்பிறகு போடுவது பாதுகாப்பு.

ரப்பர் மன்னிக்கும் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரை உலோகம் மன்னிக்காது. மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, என்ஜின் தானாக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். கடப்பாரையால் நெம்பித்தான் போல்ட் நுழைகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நெம்பிய விசை முழுவதும் பிராக்கெட்டுக்குள் குடியிருக்கும், என்றோ ஒரு நாள் அது விரிசல் விடும். குளிர்ந்த என்ஜினில் கச்சிதமாகப் பொருந்துவதும் போதாது. அரை மீட்டர் வார்ப்பிரும்பு 80 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். அதனால் ஒரு பக்கத் துளையைக் கொஞ்சம் நீள்வட்டமாக விட்டு வைப்பது நல்லது.

எம்எக்ஸ்-5-ல் இன்னொரு விசேஷம் உண்டு. கியர்பாக்ஸுக்கென்று தனி மவுண்டிங் கிடையாது. நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கிறது. டிஃபரன்ஷியல் இரண்டு ரப்பரில் தொங்குகிறது. முன்னால் உலோகம் வைத்துப் பின்னால் பழைய ரப்பரை விட்டால், பின்பக்கம் ஆடும் ஆட்டம் முழுவதும் அந்தச் சட்டத்தையும் கியர்பாக்ஸ் கூட்டையும் முறுக்கும். முன்னால் விறைப்பாக்கினால் பின்னாலும் விறைப்பாக்குவதே நியாயம்.

ஓட ஆரம்பித்த பிறகு நட்டுகள் தளரும், எக்ஸாஸ்ட் கொக்கி உடையும், ரேடியேட்டர் பிராக்கெட்டில் விரிசல் வரும். தடத்தில் சில சுற்று ஓடிவந்ததும் ஸ்பேனரோடு அடியில் படுக்கத் தயாராக இருப்பவர்களுக்கான வேலை இது. தினம் ஆபீஸ் போகும் வண்டிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு 2009-ல் போர்ஷே 911 ஜிடி3-ல் ஒரு வழி வந்தது. மவுண்டிங்குக்குள் இரும்புத் துகள் கலந்த திரவம். மின்காந்தம் இயங்கினால் துகள்கள் வரிசைகட்டித் திரவம் கெட்டிப்படும், வளைவில் என்ஜின் அசையாது. நேர்சாலையில் காந்தத்தை அணைத்தால் பழையபடி இளகிவிடும். இதை நம் லேத் பட்டறையில் கடைந்து எடுக்க முடியாது.