மூன்று அணிகள், ஒரே தோள்: டென்மார்க்கின் இளம் ஹாண்ட்போல் வீரர்கள்

2024 ஜனவரி இறுதியில் கொலோன் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். ஆகஸ்ட் 11இல் லீல் நகரில் ஒலிம்பிக் இறுதியாட்டம். 2025 பெப்ரவரி 2இல் ஒஸ்லோவில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அதே ஆண்டு ஜூனில் பெர்லின் கழகத்துக்கு வரலாற்றில் முதலாவது ஜெர்மன் லீக் பட்டம். அதற்கு அடுத்த வார இறுதியில் மீண்டும் கொலோனில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஹாண்ட்போல் ஆட்டத்தில், மத்தியாஸ் கிட்செல் என்ற டெனிஷ் வீரர் ஒன்றரை ஆண்டுக்குள் ஆடிய பெரிய ஆட்டங்கள் இவை. 18 அணிகள் மோதும் ஜெர்மன் லீக்கில் ஒரு பருவத்துக்கு வரும் 34 ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. 1999இல் பிறந்த இந்த இடக்கை வீரர், டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும், 2023, 2025 உலகக் கிண்ணப் போட்டிகளிலும் தொடரின் மிகச்சிறந்த வீரராகத் தெரிவானவர்.

டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான யூட்லாந்தில் இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றும் என்னிடம் வருவோரில் பெரும்பாலானோர் 14 முதல் 19 வயது வரையிலான ஹாண்ட்போல் வீரர்களும் வீராங்கனைகளுமே. 1980களில் இலங்கையிலிருந்து இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இப்போது அவர்களில் இருக்கிறார்கள். பெற்றோர் எந்த மொழி பேசினாலும் கேள்வி ஒன்றுதான்: கிட்செலைப் போல வருவதற்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும்? பிள்ளை இப்போது எத்தனை மணி நேரம் ஆடுகிறது என்று நான் திருப்பிக் கேட்டால், சரியான விடை தருவோர் மிகச் சிலரே. அந்த விடை பெற்றோரிடமும் இல்லை, பயிற்றுநரிடமும் இல்லை, பல வேளைகளில் பிள்ளையிடமே இல்லை என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

டென்மார்க்கில் ஒரு தொழில்முறை ஹாண்ட்போல் வாழ்க்கை பெருநகரத்தில் தொடங்குவது குறைவு. கிட்செல் மேற்கு யூட்லாந்தின் சிறு நகரான ஷெர்ன் பகுதியைச் சேர்ந்தவர். அவர் பதின்ம வயதில் சேர்ந்த ஜி.ஓ.ஜி. கழகம், குட்மே, ஓவுரே, குட்பியர் என்ற மூன்று ஊர்களின் முதலெழுத்துகளைப் பெயராகக் கொண்டது. 2023இல் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் அணிக்குச் சென்ற டெனிஷ் வீரர் சிமோன் பித்லிக்கும் அதுவரை அந்தக் கழகத்தில்தான் இருந்தார். அவருடைய தந்தை 2000, 2004 ஒலிம்பிக் போட்டிகளில் டெனிஷ் பெண்கள் அணி தங்கம் வென்றபோது பயிற்றுநராக இருந்தவர். மாலைவேளைகளில் தன்னார்வலர்கள் நடத்தும் ஊர்க் கழகங்களே இந்நாட்டு விளையாட்டின் வேர். அந்த ஏற்பாட்டின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஆபத்து தொடங்குவது அடுத்த படியில். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான மாணவர்களுக்காக இங்கு எஃப்டர்ஸ்கோல எனப்படும் உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல ஹாண்ட்போலைத் தனிப் பாடமாகவே நடத்துகின்றன. அதுவரை வாரத்துக்கு மூன்று மாலைகள் ஆடிய பிள்ளை, கோடை விடுமுறை முடிந்த மறுநாளிலிருந்து, காலையில் பள்ளிப் பயிற்சி, மாலையில் அணிப் பயிற்சி, இரவில் நண்பர்களோடு வெறுமனே பந்தெறிதல் என்று நாள்தோறும் மண்டபத்திலேயே இருக்கிறது. வார இறுதியில் கழகத்துக்கு ஆட வேண்டும். திறமை தெரிந்துவிட்டால் இளையோர் தேசிய அணியின் முகாமுக்கும் அழைப்பு வரும். 17 வயதில், இளையோர் அணிக்கு ஆடிய மறுநாளே முதன்மை அணியின் மாற்று வீரர் வாங்கில் உட்கார வைக்கப்படுவதும் உண்டு. பள்ளி, கழகம், தேசிய அணி ஆகிய மூன்றின் பயிற்றுநர்களும் தத்தம் பங்கை நியாயமாகவே திட்டமிடுகிறார்கள். ஆனால் மூன்றையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை.

இதன் விளைவு என்ன என்பதை டென்மார்க்கிலேயே ஆய்ந்திருக்கிறார்கள். 14 முதல் 18 வயது வரையிலான 679 உயர்மட்ட இளம் ஹாண்ட்போல் வீரர்களை 31 வாரங்கள் தொடர்ந்து கண்காணித்த அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. முந்தைய நான்கு வாரங்களின் சராசரியைவிட ஒரு வாரத்தின் ஆட்ட நேரம் 60 சதவீதத்துக்கு மேல் கூடியபோது, தோள் காயங்கள் ஏறத்தாழ இருமடங்காயின. 20 முதல் 60 சதவீதம் வரையிலான உயர்வைப் பலர் தாங்கிக்கொண்டனர்; ஆனால் தோளை வெளிப்புறமாகச் சுழற்றும் தசைகள் ஏற்கெனவே வலுக்குறைந்திருந்தவர்களும், தோள்பட்டை எலும்பின் அசைவு சீராக இல்லாதவர்களும் அந்த அளவிலேயே காயமடைந்தனர். ஆகவே நான் பெற்றோரிடம் வலியுறுத்துவது மொத்த மணி நேரத்தை அல்ல, அது எவ்வளவு திடீரென்று கூடியது என்பதையே. ஆண்டு முழுவதும் படிப்படியாக ஏற்றி வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டிய ஒருவரின் தோள் அதைத் தாங்கக்கூடும். ஆறிலிருந்து ஒரே வாரத்தில் பன்னிரண்டுக்குத் தாவியவரின் தோள் பெரும்பாலும் தாங்காது. எங்கள் சிகிச்சை நிலையத்துக்குத் தோள்வலியோடு வருவோரின் எண்ணிக்கை செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் கூடுவது எனக்கு வியப்பளிப்பதில்லை.

தோள்வலி மெல்ல வருவது. ஆகவே மறைக்கவும் எளிது. ஆட்டத்துக்கு முன் ஒரு வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டுக் களமிறங்குவதை இளையோர் சிலர் வழக்கமாகவே கொண்டிருக்கிறார்கள், அதைக் கேட்டால் மட்டுமே சொல்கிறார்கள். வலி தெரியாதபோது எறியும் வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ள உடலுக்கு வழியில்லை. வீட்டு மருந்துப் பெட்டியில் மாத்திரைகள் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்கின்றனவா என்று பெற்றோர் கவனிக்க வேண்டும்.

முழங்கால் கதை வேறு. ஏ.சி.எல். எனப்படும் தசைநார் கிழிவது பெரும்பாலும் எதிராளி மோதியதால் அல்ல. எதிராளியை ஏமாற்றித் திசைமாறக் காலை ஊன்றும்போதோ, எகிறி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் தரையிறங்கும்போதோ நிகழ்கிறது. சிறுமிகளுக்கு இந்த ஆபத்து சிறுவர்களைவிட அதிகம். இதற்கு மாற்று உண்டு என்பதை அண்டை நாடான நார்வே 2005இலேயே காட்டிவிட்டது: 120 கழகங்களைச் சேர்ந்த 15 முதல் 17 வயது வரையிலான 1,837 பேரிடம் நடத்திய ஆய்வில், தரையிறங்கும் முறை, சமநிலை, தசை வலு ஆகியவற்றைப் பயிற்றும் முறையான ஆயத்தப் பயிற்சி, முழங்கால், கணுக்கால் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. செலவு என்று பார்த்தால் ஒவ்வொரு பயிற்சியிலும் பதினைந்து, இருபது நிமிடங்கள்தாம். மண்டபம் கிடைக்கும் நேரம் குறைவு என்று சொல்லி முதலில் வெட்டப்படுவதும் அந்த நிமிடங்களே. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

தசைநார் கிழிந்து அறுவை செய்துகொண்டவர்கள் ஆறு மாதத்தில் மீண்டும் ஆடலாமா என்று கேட்கிறார்கள். ஒஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் ஒருங்கே நடந்த ஆய்வின்படி, ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. ஒப்பந்தம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் 18 வயதினருக்கு இது கசப்பான செய்தி. எனினும் ஒன்பது மாதம் கடந்து, இரு தொடைகளின் வலுவும் சமமாகத் தேறிய பிறகே நான் அனுமதிக் கடிதம் எழுதுகிறேன்.

உடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் சொன்னதாகும். மூன்று முறை உலகின் மிகச்சிறந்த வீரராகத் தெரிவான மிக்கெல் ஹன்சன், 2023 ஜனவரியில் டென்மார்க்குடன் உலகக் கிண்ணம் வென்றார். மார்ச் தொடக்கத்தில், மன அழுத்தம் காரணமாக அவர் விடுப்பில் செல்வதாக அவருடைய கழகமான ஓல்போர் வெளிப்படையாக அறிவித்தது. அடுத்த பருவத்தில் திரும்பிவந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 36 வயதில் ஓய்வுபெற்றார். ஒரு நாடே கொண்டாடும் வீரர் அந்தச் சொல்லை மறைக்காமல் பயன்படுத்தியதால், தூக்கமின்மையைப் பற்றி எங்களிடம் வாய்திறக்கும் இளையோருக்குத் தயக்கம் சற்றுக் குறைந்திருப்பதாக உணர்கிறேன்.

உயர்நிலை விளையாட்டு வீரர்கள் மூன்றாண்டு மேல்நிலைக் கல்வியை நான்கு ஆண்டுகளாகப் பரப்பிப் படிக்க இங்கு ஏற்பாடு உண்டு. தமிழ்ப் பெற்றோர் சிலர் அதை ஓர் ஆண்டு வீணாவதாகக் கருதித் தயங்குகிறார்கள். ஆனால் தேர்வும் முகாமும் ஒரே வாரத்தில் மோதும்போது முதலில் வெட்டப்படுவது பிள்ளையின் தூக்கம்தான் என்பதால், தகுதி இருந்தால் அதைப் பயன்படுத்துமாறே சொல்கிறேன்.

என்னிடம் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தருகிறேன். பள்ளி, கழகம், தேசிய அணி ஆகிய மூன்றிலும் அந்த வாரம் ஆடிய நிமிடங்கள், தூங்கிய மணி நேரம், தோளிலோ முழங்காலிலோ வலி, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை ஞாயிறு மாலை நிரப்ப வேண்டும். அதன் படத்தை மூன்று பயிற்றுநர்களுக்கும் ஒரே செய்தியில் அனுப்ப வேண்டும். 15 வயதுப் பிள்ளை தானாகப் பயிற்றுநரிடம் ‘இந்த வாரம் என்னால் முடியாது’ என்று சொல்லமாட்டாது. அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம் அதற்குண்டு. ஆகவே அந்தச் செய்தியைப் பெற்றோரின் தொலைபேசியிலிருந்தே அனுப்பச் சொல்கிறேன்.