நண்டு உரிமம்: படகை மட்டும் எண்ணினால் போதாது

நண்டுப் பிடிப்பை ஒழுங்குபடுத்தக் கிளம்பும் எந்த அரசும் முதலில் கைவைப்பது படகு உரிமத்தில்தான். புதிய உரிமம் தருவதை நிறுத்திவிட்டால் பிடிப்பு தானாக அடங்கும் என்று நினைக்கிறார்கள். அடங்காது. அமெரிக்க மேற்குக் கரையில் டஞ்சினஸ் என்ற வகை நண்டு பிடிக்கும் வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களும் 1990களின் நடுவில் உரிம எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. படகு பெருகுவது நின்றது. ஆனால் ஒவ்வொரு படகும் கடலில் இறக்கும் கூடுகள், அதாவது இரை வைத்து நண்டு பிடிக்கும் பொறிகள், பெருகிக்கொண்டே போயின.

காரணம் எளிது. அங்கே வணிகத்துக்குப் பிடிக்க அனுமதி உள்ளது ஆண் நண்டுக்கு மட்டும். அதுவும் ஓரத்து முள்ளைச் சேர்க்காமல் ஓட்டின் அகலம் குறைந்தது 6.25 அங்குலம் (சுமார் 159 மி.மீ.) இருக்க வேண்டும். அந்த அளவை எட்டிய ஆண்களில் பெரும்பகுதி பருவம் திறந்த முதல் இரண்டு மாதங்களிலேயே பிடிபட்டுவிடும். ஒருவர் 300 கூட்டை 600 ஆக்கினால் கடலில் நண்டு கூடப்போவதில்லை. அவர் பங்கு மட்டும் கூடும், அதுவும் பக்கத்துப் படகுக்காரர் தன் கூடுகளை இரட்டிக்கும் வரைதான். பிறகு இருவருக்கும் மிஞ்சுவது கயிறு, இரை, டீசல் செலவும், போட்டிக்காக மோசமான வானிலையிலும் கடலுக்குப் போகும் ஆபத்தும்தான். உரிமத்தோடு கூடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பும் சேர்ந்தே வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கலிஃபோர்னியா இதற்காக 2011இல் சட்டம் இயற்றி, 2013 பருவத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரிமங்கள் 7 படிகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் படிக்கு 500 கூடு. படிக்கு 50 குறைந்து ஆறாம் படிக்கு 250. ஏழாம் படிக்கு 175. எந்தப் படகு எந்தப் படி என்பதை 2003 நவம்பர் முதல் 2008 ஜூலை வரை அது இறக்கிய நண்டின் எடை தீர்மானித்தது. இந்தக் காலவரம்பைக் கவனியுங்கள். சட்டம் வருவதற்கு முன்பே முடிந்துபோன காலம் அது. "அடுத்த மூன்று ஆண்டுப் பிடிப்பை வைத்து ஒதுக்குவோம்" என்று முன்கூட்டி அறிவித்தால், எல்லோரும் கணக்குக் காட்டவே கூடுதலாகப் பிடிப்பார்கள். எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே தூண்டிவிட்டதாகும்.

அதிகம் பிடிக்காத உரிமங்களுக்கான ஏழாம் படிக்கும் ஒரு வேலை உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டும் கடலுக்கே போகாத உரிமங்கள் எந்த மாநிலத்திலும் இருக்கும். விலை ஏறிய ஆண்டில் அவை ஒட்டுமொத்தமாக விழித்துக்கொள்ளும். வரம்பு போடும்போது இவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் வரம்பே பொய்யாகிவிடும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள வர்ஜீனியா மாநிலம் வேறு வழியில் போனது: செசபீக் விரிகுடா நீல நண்டுக்காக 2009இல் சுமார் 67 லட்சம் டாலர் கொடுத்து 359 உரிமங்களை விலைக்கு வாங்கி ரத்து செய்தது. பணம் இருந்தால் நல்ல வழிதான். இல்லையென்றால் அந்த உரிமங்களுக்குக் குறைந்த கூடுகள் என்ற வரம்பே போதும்.

இனி அடையாளப் பட்டை. கூடு ஒன்றுக்கு ஒரு பட்டை, அதில் தொடர் எண். மிதவையில் கட்ட வேண்டும். மிதவையில் இருந்தால்தான் ரோந்துப் படகு கூட்டைத் தூக்காமலே சரிபார்க்க முடியும். பெரும்பாலும் கோட்டைவிடுவது மாற்றுப் பட்டையில்தான். "புயலில் போய்விட்டது" என்று சொன்னவருக்கெல்லாம் கேள்வி கேட்காமல் புதுப் பட்டை கொடுத்தால் 500 சத்தமில்லாமல் 600 ஆகும். பருவத்தின் நடுவே தரும் மாற்றுப் பட்டைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். அதற்குமேல் கேட்பவர் இழப்பு நடந்த நாள், இடம், ஆழம் எழுதிக் கையெழுத்திடட்டும். தொலைந்ததாகச் சொன்ன எண்களைப் பதிவேட்டில் ரத்து செய்து அந்தப் பட்டியலை ரோந்துப் படகுக்குக் கொடுங்கள். ரத்தான எண் கடலில் தென்பட்டால் அதுவே சாட்சி.

தொலைந்த கூடு சும்மா கிடக்காது. உள்ளே மாட்டிச் சாகும் நண்டே அடுத்த நண்டுக்கு இரையாகும். இதனால் கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கூட்டிலும் குறைந்தது 4.25 அங்குல விட்டமுள்ள இரண்டு வட்டத் திறப்புகள் வேண்டும். சிறிய நண்டு அதன் வழியே வெளியேறும். அதோடு 120 எண் பருமனுள்ள அல்லது அதைவிட மெல்லிய, மருந்தேற்றாத பருத்தி நூலில் ஒரு கட்டு இருக்க வேண்டும். நூல் மட்கியதும் கூடு தானாகத் திறக்கும். ஆய்வாளர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. தாரோ பெயின்டோ பூசிய நூல் மட்காது. பருத்தி நூலுக்குப் பக்கத்திலேயே ஒரு நைலான் கட்டும் இருந்தால், நூல் மட்கியும் பயனில்லை. வானிலை இடம் கொடுத்தால் 96 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு கூட்டையும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. கூடு அதிகமாக வைத்திருப்பவர் முதலில் மீறுவது இந்த விதியைத்தான்.

கட்டணத்துக்கு வருவோம். கலிஃபோர்னியச் சட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்துக்கு 1,000 டாலர், பட்டைக்கு 5 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. படகின் மற்ற கட்டணங்கள் இதற்கு வெளியே. 500 கூடு உள்ளவருக்கு 3,500 டாலர், அதாவது கூட்டுக்கு 7. 175 கூடு உள்ளவருக்கு 1,875, அதாவது கூட்டுக்கு ஏறத்தாழ 10.70. நிலையான பகுதி பெரிதாக இருந்தால் சுமை சிறிய படகின் மேல்தான் விழும். எங்கள் கருத்து: நிலையான பகுதியைக் குறைத்து, கூட்டுக்கான கட்டணத்தைக் கூட்டுங்கள். அப்போதுதான் தேவைக்கு மேல் கூடு வைத்திருப்பவருக்கு அவற்றைக் குறைக்கத் தோன்றும். தொலைந்த கூட்டை இன்னொருவர் மீட்டுவந்தால் உடைமையாளர் மீட்புக் கட்டணம் செலுத்த வேண்டும்; செலுத்தாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்ற பிணைப்பும் அங்கே உண்டு. வசூலுக்குத் தனியாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் 2005 முதல் பிடிப்பின் அளவையே ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுத்து, நண்டின் மதிப்பில் 3 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்கு வசூலிக்கிறார்கள். சில நாளில் முடிந்துபோன பருவம் நீண்டது, உயிராபத்தும் குறைந்தது. ஆனால் படகுகள் பாதிக்கும் கீழே இறங்கின, கூலிக்குப் போனவர்கள் ஏராளமானோர் வேலை இழந்தனர். அந்த விலையைத் தெரிந்துகொண்டே இந்த வழிக்குப் போக வேண்டும்.

அதே கடலில் கடல்நீர் சூடேறியபின் பனி நண்டு என்ற இனத்தின் எண்ணிக்கை சரிந்து, 2022இல் பிடிப்பு மூடப்பட்டது. விழுக்காட்டுக் கட்டணம் மட்டும் இருந்தால் மூடிய ஆண்டில் வருவாய் பூஜ்யம். ஆனால் எப்போது திறக்கலாம் என்று சொல்லும் நண்டுக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில்தான் நிற்கக் கூடாது. கட்டணத்தைப் பொது நிதியில் கரைக்காமல் தனிக் கணக்கில் வைத்து, குறைந்தது ஓர் ஆண்டுக் கணக்கெடுப்புச் செலவையாவது அதில் இருப்பாக விடுங்கள்.